பட்டன் பேட்டரி முதல் வாளித் தண்ணீர் வரை: தவழும் குழந்தை இருக்கும் வீட்டை எந்த வரிசையில் சரிசெய்வது?

கார்த்திகைக்கு வாங்கிய பன்னிரண்டு மின் அகல்விளக்குகளில் ஒன்றை, பண்டிகை முடிந்ததும் என் மகளிடம் விளையாடக் கொடுத்தவன் நான்தான். நெருப்பு இல்லை, சுடாது, விழுந்தாலும் உடையாது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அப்போது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம். அகலின் அடிமூடி கழன்றதையும், உள்ளே இருந்த காசு போன்ற பேட்டரியை அவள் வாயில் போட்டதையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எச்சில் வடிந்தது, பருப்புச் சோற்றைத் துப்பினாள். பல் முளைக்கிறது என்றோம்.

மாலை ஐந்தரை மணிக்கு, மூடியில்லாத அகல் சோபாவுக்கு அடியிலிருந்து கிடைத்தபோதுதான் உறைத்தது. முதலில் ஓடிய கிளினிக்கில் எக்ஸ்ரே கிடையாது. இரண்டாவது இடத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “காசு மாதிரி இருக்கிறது, வாழைப்பழம் கொடுங்கள், மலத்தோடு வந்துவிடும்” என்றார்கள். மூன்றாவது இடத்தில் எண்டோஸ்கோபி செய்து பேட்டரியை எடுத்தபோது இரவு பத்து மணி. உணவுக்குழாயில் புண். ஒன்பது நாள் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால். இப்போது தோசை கேட்டு அடம்பிடிக்கிறாள். அந்த அளவுக்கு நாங்கள் தப்பித்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டைத் திருத்துவதிலேயே போயிற்று. செலவழித்ததில் பாதி வீண். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், தேவையே இல்லாததை முதலிலும் செய்தேன். திருச்சியில் இரண்டாவது மாடி வாடகை வீடு எங்களுடையது. கீழே சொல்லும் விலைகள் நான் கொடுத்தவை, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். கத்தி, அடுப்பு, வெந்நீர் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றுக்கு எல்லோரும் பயப்படுகிறோம், அதனால் அவை ஏற்கெனவே கைக்கெட்டாத உயரத்தில்தான் இருக்கின்றன.

1. முதல் அரை மணி நேரம்: நீங்களே தவழ்ந்து பாருங்கள்

செலவு எதுவும் இல்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் ஒரு துணிப்பையையும் செல்போன் வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு வீடு முழுக்கத் தவழுங்கள். நின்றுகொண்டு குனிந்து பார்ப்பது போதாது. ஒரு அடி உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு வீடு. சோபாவின் அடித்துணி கிழிந்திருப்பது, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் என்னென்ன உருண்டு கிடக்கின்றன என்பது, மேசை விரிப்பின் நுனி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

என் பையில் சேர்ந்தவை: இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள், திறந்த ஊக்கு, பேனா மூடி, புளியங்கொட்டை, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை ஒன்று, பல்லாங்குழிச் சோழிகள் நான்கு. தினமும் பெருக்கித் துடைக்கும் வீடு அது.

எது தொண்டையில் சிக்கும் அளவு என்பதில் சந்தேகம் வந்தால், பொம்மைச் சோதனைக் கூடங்களில் பயன்படும் அளவையே வைத்துக்கொள்ளுங்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. தடித்த காகிதத்தை மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் குழாயாகச் சுருட்டி ஒட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை.

2. பட்டன் பேட்டரிகளை எண்ணுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு தாளில் அறை வாரியாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் பேட்டரிகள் பதினேழு இருந்தன, அகல்களைச் சேர்க்காமலே. டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் கருவி, சமையலறைத் தராசு, கால்குலேட்டர், கார் சாவி, கொலுவுக்கு வாங்கிய வண்ண விளக்குச் சரத்தின் ஒல்லி ரிமோட், திறந்தால் பாடும் பிறந்தநாள் அட்டை, நடந்தால் மினுக்கும் செருப்பு. அந்த ஒல்லி ரிமோட்டில் பேட்டரி இருக்கும் தட்டை நகத்தால் கிள்ளி இழுத்தாலே வந்துவிடும்.

பேட்டரியின் மேல் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ‘சிஆர்2032’ என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025, 2016 ஆகியவையும் அதே விட்டம்தான். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அதுவே. மூன்று வோல்ட் மின்சாரம் எச்சிலின் ஈரத்தில் பாயும்போது, பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கத்தில் காரம் உருவாகித் திசுவை அரிக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் கசிந்தால்தான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புதிதாக, பளபளவென்று, எங்கும் ஓட்டையில்லாமல் இருக்கும் பேட்டரியே இரண்டு மணி நேரத்தில் கடும் புண்ணை உண்டாக்கிவிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவுள்ள சின்ன பேட்டரிகள் பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கிவிடும் என்றாலும், மூக்கிலோ காதிலோ நுழைந்தால் சில மணி நேரத்தில் அங்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. திருகாணி இல்லாமல் கையால் திறக்கும் பொருட்களைப் பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள். தினமும் தேவைப்படும் ரிமோட்டின் மூடியைத் தடித்த டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். டேப்பை உரிப்பதே ஒரு விளையாட்டு என்பதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கழற்றிய பழைய பேட்டரியை இருபுறமும் டேப் ஒட்டி அன்றே வெளியேற்றுங்கள். ‘பிறகு போடலாம்’ என்று ஜன்னல் விளிம்பில் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது.

பொம்மை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரைக்குக் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையான உரிமமா, எந்த நிறுவனத்துடையது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிடம், இலவசம்.

நான் விழுந்த பள்ளம் இங்கேதான். மின் அகல், ரிமோட், தெர்மாமீட்டர், பாடும் அட்டை எதுவுமே பொம்மை இல்லை. பொம்மைக்கான விதிகள் இவற்றுக்குப் பொருந்தாது. மூடியில் திருகாணி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் குழந்தையின் கையில் கொடுத்த பிறகுதான் அது பொம்மை ஆகிறது.

3. குளியலறையும் வாளியும்

தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்க்காரர்களுக்கு இது கசப்பாக இருக்கும். இருபது லிட்டர் வாளி, அண்டா, டப் எதையும் குழந்தை எட்டும் இடத்தில் நிரப்பி வைக்காதீர்கள். ஒன்றிரண்டு வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புறப் போனால் தானாக மீண்டு வர முடியாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே மூழ்கடிக்கப் போதும். சத்தமும் வராது.

சேமித்தே ஆக வேண்டும் என்றால் மூடி போட்டுத் திருகும் டிரம் வாங்குங்கள். எனக்கு ஐம்பது லிட்டர் டிரம் 750 ரூபாய் ஆயிற்று. வாளி மேல் தட்டு வைத்து மூடுவது மூடியதாகாது. குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்: 60 ரூபாய், தச்சர் கூலி தனி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் சம்ப் மூடியையும் பாருங்கள். லாரித் தண்ணீர் இறக்கிவிட்டு மூடியைச் சரியாகப் பொருத்தாமல் போவது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. அந்த மூடிக்குப் பூட்டு வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டு உரிமையாளரும் மறுக்கமாட்டார்.

4. பூஜை அலமாரி, குளிர்பான பாட்டில், மாத்திரைப் பெட்டி

விஷம் என்றதும் ஆசிட்டும் பூச்சிமருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. கற்பூரத்தை யாரும் நினைப்பதில்லை. வெள்ளையாக, கற்கண்டு போல இருக்கும். பூஜை அலமாரி பெரும்பாலும் குழந்தை எட்டும் உயரம். சிறிய அளவு கற்பூரம் விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். பீரோவில் போடும் அந்துருண்டை இன்னொன்று. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

அடுத்தது, பாட்டில் மாற்றி ஊற்றும் பழக்கம். பெயின்டர் மிச்சம் வைத்த தின்னர், மண்ணெண்ணெய், தெருவில் வாங்கும் பினாயில் எல்லாம் நம் வீடுகளில் பழைய குளிர்பான பாட்டிலில்தான் இருக்கின்றன. குழந்தைக்குப் பாட்டிலைத் தெரியும், உள்ளே இருப்பதைத் தெரியாது. இன்றே எல்லாவற்றையும் அசல் டப்பாவுக்கு மாற்றுங்கள். அசல் டப்பா இல்லாவிட்டால் வைத்திருக்காதீர்கள். எலி பேஸ்ட் வீட்டிலேயே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் ஈரலைத் தாக்கும். முதல் ஓரிரு நாள் குழந்தை நன்றாக இருப்பது போலவே தெரியும், அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

தாத்தா பாட்டியின் சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகளில் ஒன்றே ஒன்று ஒரு சிறு குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். தலையணைக்கு அடியில் மாத்திரை வைப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. நான் சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் சிறிய மரப்பெட்டி ஒன்றை மாட்டி, அம்மாவின் மாத்திரை, கண்ணாடி, விபூதி மூன்றையும் அதற்குள் வைத்தேன். கண்ணாடிக்காக எப்படியும் அங்கே போவார்.

வீண்செலவு: ஒட்டும் பிளாஸ்டிக் அலமாரிப் பூட்டுகள், பத்து அடங்கிய பை 450 ரூபாய். சித்திரை வெயிலில் பசை இளகி ஒவ்வொன்றாக விழுந்தன. அதே வேலையை அலமாரியின் மேல் விளிம்பில் போட்ட தாழ்ப்பாள் செய்கிறது.

5. வாய்க்குள் போகும் மற்றவை

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி போன்ற கெட்டியான சிறு பருப்புகளை நான்கு வயது வரை முழுதாகக் கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சீத்தாப்பழம், சப்போட்டா என்றால் கொட்டையை எடுத்துவிட்டுத்தான். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போதுதான் பெரும்பாலும் புரையேறுகிறது. உட்கார வைத்து ஊட்டுங்கள்.

மூன்று பொருட்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். முதலாவது, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் வண்ண ஜெல்லி மணிகள். பூச்சாடி அலங்காரத்துக்கு விற்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. இரண்டாவது, மிளகு உருண்டை அளவுள்ள பலமான காந்த மணிகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை போடும். மூன்றாவது, உடைந்த பலூன் துண்டு. பிறந்தநாள் விழா முடிந்ததும் கேக் தட்டைக் கழுவும் முன் பலூன் துண்டுகளைப் பொறுக்குங்கள். அந்த மெல்லிய ரப்பர் காற்றுக்குழாயில் தோல் போல ஒட்டிக்கொள்ளும்.

6. தூளி

இதில்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. தூளியில் கைக்குழந்தை தூங்குவதை நான் குறை சொல்லவில்லை. நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆபத்து, குழந்தை பெரிதான பிறகும் தூளி தொங்கிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. மூன்று, ஐந்து, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். உள்ளே உட்கார்ந்து முறுக்கிவிட்டுச் சுற்றுகிறார்கள். சேலை கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இப்படியான மரணச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் வீட்டில் பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள், பக்கத்து அறையில்.

நாங்கள் வைத்த விதி: குழந்தையைத் தூக்கியதும் தூளியைச் சுருட்டிக் கொக்கிக்கு மேல் போட்டுவிட வேண்டும். கீழே தொங்கவே கூடாது. பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய மாதம் கொக்கியோடு கழற்றிவிட்டோம். மாமியார் பத்து நாள் பேசவில்லை. ஜன்னல் திரையின் இழுப்புக் கயிறு, கதவுக் கைப்பிடியில் தொங்கும் துப்பட்டா, நீளமான கயிறு கட்டிய இழுப்பு வண்டி ஆகியவையும் இதே கணக்கில் வரும். பொம்மைக் கயிற்றை ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டிவிடுங்கள்.

7. வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டிய வேலைகள்

இவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும். அதனால் குழந்தை தவழத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் வாய்வார்த்தையாகக் கேட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: என்ன வேலை, எந்தச் சுவரில் எத்தனை துளை, செலவு என்னுடையது, காலி செய்யும்போது துளைகளை அடைத்து வண்ணம் பூசித் தருகிறேன். துளையிடும் முன் சுவரின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். மறுநாளே சரி என்றார். அந்தக் கடிதத்தின் நகல் முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் உதவும், பத்திரமாக வையுங்கள்.

முதல் வேலை, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. மின் பலகையில் ‘30 மில்லி ஆம்பியர்’ என்று எழுதி, ‘டி’ என்ற சோதனைப் பொத்தானுடன் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் இருக்காது. நான் வாங்கியது 1,900 ரூபாய், எலக்ட்ரீஷியனுக்கு 700. இருந்தால், மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் போனால் வேலை செய்கிறது. சாதாரண எம்சிபியை இதற்கு இணையாகக் காட்டி ஏமாற்றுவார்கள். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. தரைக்கு அருகில் உள்ள பிளக் பாயின்ட்டுகளுக்கு, துளைக்குள் மூடித்திரை உள்ள வகையை மாற்றிப் போடுங்கள், ஒன்று 150 ரூபாய்க்குள். துளையில் செருகும் தனி பிளாஸ்டிக் மூடிகளை முதலில் வாங்கினேன். என் மகள் இரண்டாம் நாளே ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்திருந்தாள்.

அடுத்து டிவியும் உயரமான அலமாரிகளும். இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறுவதுதான் வழக்கம். இருபது முப்பது ரூபாய் எல் வடிவக் கிளாம்ப் இரண்டு போட்டுச் சுவரோடு பிணைத்தால் முடிந்தது.

பால்கனியில் குறுக்குக் கம்பிகள் இருந்தால் அது ஏணி. நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் ஆகாது. வலை போடுபவர்கள் ‘சேஃப்டி நெட்’ என்றுதான் சொல்வார்கள். சதுர அடி இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் நைலான் வலை புறாவைத் தடுக்க. குழந்தை சாய்ந்தால் கொக்கி கழன்றுவிடும். எஃகுக் கம்பித் தடுப்பு சதுர அடிக்கு அதைப்போல் ஐந்தாறு மடங்கு. பணம் இல்லையென்றால் வலையை நம்பாமல் பால்கனிக் கதவைப் பூட்டுங்கள். நாற்காலி, பூந்தொட்டி, துணிக்கூடை எதையும் கைப்பிடிச் சுவரருகே வைக்காதீர்கள்.

8. ஒரு உறை ஆவணங்கள்

அந்த இரவு என்னைத் தனியாக வதைத்தது இது. பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயரைச் சேர்க்காமலே இருந்தேன். அதனால் அவளுக்கு ஆதார் எடுக்கவில்லை. குடும்ப அட்டையில் பெயர் ஏறவில்லை. அலுவலகக் காப்பீட்டிலும் சேர்க்கவில்லை. ஒரு சோம்பல், நான்கு விளைவுகள். 1,48,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினேன்.

வரிசை இதுதான். பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்ப்பது பிறந்த 12 மாதத்துக்குள் இலவசம். பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வயது வரை சேர்க்கலாம். அந்தச் சான்றிதழை வைத்து ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான நீல நிற ஆதார்; கட்டணம் இல்லை, பெற்றோரில் ஒருவரின் கைரேகை போதும். பிறகு குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போங்கள். அட்டை ஏற்கெனவே இருந்தாலும் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் காப்பீடு என்றால், குழந்தையைச் சேர்க்கும் கெடுவை இன்றே அலுவலகத்தில் கேளுங்கள். பல நிறுவனங்களில் பிறந்த சில வாரங்களோடு கதவு மூடிவிடும்.

உறைக்குள் வைக்க வேண்டியவை: தடுப்பூசி அட்டையின் நகல், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, குழந்தையின் சமீபத்திய எடையும் ஒவ்வாமையும் எழுதிய தாள், ஆயிரம் இரண்டாயிரம் ரொக்கம். கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். பீரோவில் வைத்தால் சாவி தேட வேண்டும்.

இன்னொரு தாளில், உங்கள் ஊரில் 24 மணி நேரமும் எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோபியும் உள்ள இடம் எது என்று எழுதி ஒட்டுங்கள். இதைச் சாதாரண நாளில் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். அன்றைக்கு எனக்கு நான்கரை மணி நேரம் ஆயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் 108. விஷம் பற்றி ஆலோசனை கேட்க, தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

9. நடந்தே விட்டால்

பேட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், பார்த்தவர் யாரும் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் கொடுக்காதீர்கள். எண்டோஸ்கோபிக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். ஒரே விலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்து, சரியாக விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் ஆறு முறை. காரத்தின் வேகத்தை அது சற்றுத் தணிக்கிறது. இதை ஒரு மருத்துவர் எனக்குப் பிறகுதான் சொன்னார். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. வீட்டில் தேன் இல்லை என்றால் கடை தேடி நிற்காதீர்கள்.

அதே வகைப் பேட்டரி இன்னொன்றையோ அதன் அட்டையையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் “பட்டன் பேட்டரி” என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். “ஏதோ விழுங்கிவிட்டாள்” என்றால் வரிசையில் உட்கார வைப்பார்கள், எங்களை வைத்தார்கள். எக்ஸ்ரேயில் காசு ஒற்றை வட்டமாகவும் பேட்டரி விளிம்பில் இரட்டை வளையமாகவும் தெரியும். “காசு” என்று சொன்னால், “இரட்டை வளையம் இல்லையா, பக்கவாட்டுப் படமும் எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள்.

தொண்டையில் அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் தவிக்கும் குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டது என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. நினைவு தப்பினால் மார்பு அழுத்தத்தோடு செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே 108. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். சத்தமாக இருமினால் இரும விடுங்கள். இதைப் படித்து மட்டும் செய்ய வராது. ஒருநாள் முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் மேல் செய்து பாருங்கள்.

மருத்துவமனை எம்எல்சி, அதாவது சட்டரீதியான பதிவு, போடலாம். போலீஸ் என்றதும் என் அப்பா நடுங்கிப்போய் “பேட்டரி என்று சொல்லாதே” என்றார். அப்படிச் செய்யாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அந்தப் பதிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம்தான் கெடு. வீடு திரும்பும் முன் டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே படம், எண்டோஸ்கோபி அறிக்கை, எம்எல்சி நகல், பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நகலுக்காக நான் பிறகு நான்கு முறை அலைந்தேன்.

பேட்டரியை எடுத்ததோடு முடியவில்லை. அரிப்பு பிறகும் தொடரும். அடுத்த சில வாரங்களில் இரத்த வாந்தி, கறுப்பு மலம், மூச்சுத் திணறல், புதிதாக வரும் இருமல், விழுங்க முடியாமை இவற்றில் எது தெரிந்தாலும் நேரே மருத்துவமனைதான், மறுநாள் காலை வரை பொறுக்காதீர்கள்.

10. மற்றவர்கள் வீடு

தவழத் தொடங்கும்போது, எழுந்து நிற்கும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தொடங்கும்போது என்று முதல் படியை மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். பண்டிகைக்கு மறுநாளும் செய்யுங்கள். விருந்தாளிகளின் கைப்பைகள் தரையில் கிடந்த நாள் அது.

ஊருக்குப் போனால் இன்னும் கவனம். கிணற்றடி, மாட்டுத்தொட்டி, திண்ணையோரப் பூச்சிமருந்து எல்லாம் கண்ணில் படும், அவற்றுக்கு எல்லோரும் கதவடைத்துவிடுவார்கள். நான் போய் இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் கூடத்தில் தவழ்வேன். மாமியார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார். போன பொங்கலுக்கு மாமனாரின் கட்டிலுக்கு அடியில் கிடைத்தவை காது கேட்கும் கருவியின் பழைய பேட்டரிகள், மூன்று.